குதிரை செய்த குற்றம் என்ன?

ஆண்டு பிறக்கிறது, அதன் தொப்புள் கொடி அறுபடுவதற்கு முன்பே பலனும் பிறந்துவிடுகிறது! நங்கநல்லூர் கோயில்கள் மலிந்த ஊர். முப்பத்திரண்டு அடி அனுமனைக் காணவும், இராசராசேசுவரியைத் தொழவும் பழவந்தாங்கல் நிலையத்தில் இறங்கி நடப்போர் கூட்டத்துக்கு அங்கே குறைவில்லை. சித்திரை நெருங்கினால் போதும். அவர்கள் நடக்கும் தெருக்களில் பஞ்சாங்கங்களும் இராசிபலன் நூல்களும் கொடியில் காயும் துணிபோல் கடைதோறும் தொங்கும். இன்ன இராசிக்கு ஏற்றம், இன்ன இராசிக்கு இறக்கம், இன்னாருக்குக் கண்டம், அதற்கு இன்ன பரிகாரம் என்று அச்சேறிய அச்சம், விலை போட்டு விற்கப்படும்.

இப்போது அந்தச் சந்தைக்குப் புதுச் சரக்கு ஒன்றும் வந்து சேர்ந்திருக்கிறது. மேடமும் இடபமும் போதவில்லை போலும்; சீனத்து எலியும், எருதும், புலியும், முயலும், நாகமும், பாம்பும், குதிரையும், ஆடும், குரங்கும், சேவலும், நாயும், பன்றியும் தமிழ் இதழ்களின் புத்தாண்டுப் பக்கங்களில் வரிசையாக வந்து நிற்கின்றன. குதிரை ஆண்டில் பிறந்தவர் விரைவானவராம். எலி ஆண்டினர் சிக்கனக்காரராம். உள்ளூர்ச் சோதிடம் உதவாவிட்டால் வெளியூர்ச் சோதிடம்! எனினும் தோழர்களே, இதனைச் சிரித்து ஒதுக்கிவிட நாம் விரும்பவில்லை. அந்தப் பன்னிரண்டு விலங்குகளுள் ஒன்று, நம் காலத்திலேயே, ஒரு நாட்டின் இலட்சக்கணக்கான தொட்டில்களை வெறுமையாக்கியிருக்கிறது. அந்த வரலாற்றைத் தமிழ் இளைஞர்கள் அறிய வேண்டும்.

முதலில் அந்த விலங்குகளின் பிறப்பைப் பார்ப்போம். சீனர் ஆண்டுகளை எண்ணுவதற்குப் பத்துக் குறிகள் கொண்ட ஒரு வரிசையையும், பன்னிரண்டு குறிகள் கொண்ட மற்றொரு வரிசையையும் பயன்படுத்தினர். இரண்டையும் இணைத்துச் சுழற்றினால், தொடங்கிய இணை மீண்டும் வர 60 ஆண்டுகள் ஆகும். பத்துக் குறிகளும் மரம், நெருப்பு, மண், உலோகம், நீர் என்னும் ஐந்து பூதங்களுக்குப் பங்கிடப்பட்டன. பன்னிரண்டு குறிகளுக்குப் பன்னிரண்டு விலங்குகள் ஒட்டப்பட்டன. எண்ணுவதற்கு ஏற்ற எளிய ஏற்பாடு, அவ்வளவே.

ஒட்டப்பட்டன என்று நாம் சொல்வதற்குக் காரணம் உண்டு. சீனத்தின் ஹூபே மாநிலத்தில் சுய்ஹூடி என்னுமிடத்தில், கி.மு. மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்த கல்லறை ஒன்றிலிருந்து 1975-ஆம் ஆண்டில் மூங்கில் ஏடுகள் எடுக்கப்பட்டன. விலங்குகளின் வரிசையைக் கூறும் மிகப் பழைய சான்றுகளுள் அது ஒன்று. அதில் இன்று குதிரை நிற்கும் இடத்தில் நிற்பது எது தெரியுமா? மான்! ஆட்டின் இடத்தில்தான் குதிரை நிற்கிறது. அந்த ஏடு அந்த விலங்குகளை எதற்குப் பயன்படுத்துகிறது என்பது இன்னும் சுவையானது. பிறந்தவனின் பலன் கூறுவதற்கு அல்ல; திருடனைப் பிடிப்பதற்கு! இன்ன குறி கொண்ட நாளில் களவு போனால், களவாடியவன் இன்ன விலங்கின் சாயலில் இருப்பான் என்று அங்க அடையாளம் கூறுகிறது. காவல் நிலையத்துக்கு எழுதப்பட்ட குறிப்பு, காலப்போக்கில் கல்யாணத் தரகரிடம் வந்து சேர்ந்துவிட்டது!

சீனத்தில் இதனைக் கேட்பார் இல்லையா எனில், இருந்தார். கி.பி. 27-இல் பிறந்த வாங் சோங் என்னும் அறிஞர், தம் காலத்து மூடநம்பிக்கைகளைக் குடைந்து குடைந்து கேட்டவர். ஐந்து பூதங்களுள் ஒன்று மற்றொன்றை வெல்லும் என்கிறீர்களே. நீர் நெருப்பை வெல்லுமாயின், நீருக்குரிய எலி நெருப்புக்குரிய குதிரையை ஏன் துரத்தவில்லை? உலோகம் மரத்தை வெல்லுமாயின், சேவல் ஏன் முயலைக் கொத்தித் தின்னவில்லை? என்ற போக்கில் அமைந்தவை அவருடைய கேள்விகள். ஏறத்தாழ 1900 ஆண்டுகள் கழிந்தன. எலி இன்னும் குதிரையைத் துரத்தவில்லை. பலன் நூல்கள் மட்டும் ஓடிக்கொண்டிருக்கின்றன.

நம் வீட்டுக் கதைக்கு வருவோம். நமக்கும் 60 ஆண்டுச் சக்கரம் உண்டு. பிரபவ தொடங்கி அட்சய வரை. இந்த ஒற்றுமை கண்டு வியப்பதற்கு ஒன்றுமில்லை. வானில் வியாழன் ஒருமுறை சுற்றிவர ஏறத்தாழ 12 ஆண்டுகள். சனிக்கு ஏறத்தாழ 30. இரண்டுக்கும் பொருந்தும் சிறிய எண் 60. வானத்தை நோக்கிய இரு வேறு மக்கள், ஒரே கோளைக் கண்டு, ஒரே போல எண்ணியிருக்கின்றனர். எண்ணியது அறிவு. எண்ணிக்கைக்குப் பெயர் சூட்டி, பெயருக்குக் கதை கட்டி, கதைக்குப் பலன் கட்டியதுதான் பிழைப்பு. அறுபது ஆண்டுகளும் நாரதர் பெண்ணுருக் கொண்டு பெற்ற அறுபது பிள்ளைகள் என்று ஒரு புராணம்! அப்பெயர்களுள் ஒன்றேனும் தமிழா? இல்லை. அவற்றின் பொருளைப் பெற்றோர் அறிந்தால் பிள்ளைக்குச் சூட்டுவரா? துர்முகி என்றால் அழகற்ற முகத்தினள். குரோதி என்றால் சினங்கொண்டவன். இரத்தாட்சி என்றால் குருதிக் கண்ணினள். பராபவ என்றால் தோல்வி, இழிவு. இந்தப் பெயர்களோடு நம் ஆண்டுகள் நடமாடுகின்றன.

இதிலும் வடக்கும் தெற்கும் ஒத்துப்போகவில்லை. வியாழன் ஒரு இராசியைக் கடக்கச் சரியாக ஓராண்டு எடுத்துக்கொள்வதில்லை, சற்றுக் குறைவு. ஆகவே வடபுலத்தார் ஏறத்தாழ 85 ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒரு பெயரைத் தள்ளிவிட்டு எண்ணினர். தென்புலத்தார் தள்ளுவதை நிறுத்திவிட்டனர். அதன் விளைவு, ஒரே ஆண்டுக்குக் காசியில் ஒரு பெயர், காஞ்சியில் ஒரு பெயர். பெயரில்தான் பலன் இருக்கிறது என்பவர்கள், கங்கையைக் கடந்தால் பலன் மாறுமா என்று சொல்ல வேண்டும்.

இனி, தொட்டில்களின் கதை.

சீனச் சக்கரத்தில் நெருப்பும் குதிரையும் இணைந்து வரும் ஆண்டு அறுபதுக்கு ஒன்று. 1666, 1726, 1786, 1846, 1906, 1966 என்று அது வந்தது. ஜப்பானில் அதற்கு ஹினோஎ-உமா என்று பெயர். அந்த ஆண்டில் பிறந்த பெண் அடங்காப்பிடாரி, கணவனை விழுங்குவாள், குடும்பத்தைக் கெடுப்பாள் என்பது அங்கே வழங்கிய நம்பிக்கை. ஆணுக்கு ஒன்றுமில்லை, அவன் அந்த ஆண்டில் பிறந்தால் யாரும் அஞ்சுவதில்லை. குதிரைக்குக்கூட ஆண் பெண் பார்க்கத் தெரிந்திருக்கிறது, பாருங்கள்!

எதோ நகரில் ஓஷிச்சி என்றொரு காய்கறிக்கடைக்காரர் மகள். பெரிய தீ ஒன்றுக்கு அஞ்சி அடைக்கலம் புகுந்த கோயிலில் ஓர் இளைஞனைக் கண்டாள், காதல் கொண்டாள். மீண்டும் தீப்பற்றினால் மீண்டும் அவனைக் காணலாம் என்று எண்ணித் தீ மூட்டினாள் என்பது வழக்கு. 1683-ஆம் ஆண்டில் அவளை எரித்துக் கொன்றனர். நாடகங்களும் கதைகளும் அவளை நாடெங்கும் கொண்டுசென்றன. அவள் 1666-ஆம் ஆண்டில், நெருப்புக் குதிரையில் பிறந்தவள் என்ற பேச்சும் கூடவே சென்றது. அதற்குக்கூட உறுதியான சான்றில்லை. ஏதுமறியாச் சிறுமி ஒருத்தியின் பேதைமைக்கு, இருநூறு, முந்நூறு ஆண்டுகள் கழித்துப் பிறந்த பெண்கள் தண்டனை பெற்றனர்.

1906-இல் பிறந்த பெண் குழந்தைகளைப் பெற்றோர் பலர், முந்திய ஆண்டில் பிறந்ததாகவோ பிந்திய ஆண்டில் பிறந்ததாகவோ பதிவு செய்தனர். அந்த ஆண்டின் பதிவேட்டில் ஆண் குழந்தைகள் அளவுக்கு மீறி மிகுந்து காணப்படுவதற்குக் காரணம் அதுவே. ஒளிக்க முடியாதவர்களின் பெண்கள் வளர்ந்து மணப்பருவம் எய்தியபோது, குதிரை அவர்களுக்கு முன்னால் போய் மாப்பிள்ளை வீட்டு வாயிலில் நின்றது.

அடுத்த முறை குதிரை வந்தது 1966-இல். அந்த ஜப்பான் பழைய ஜப்பான் அன்று. 1964-இல் ஒலிம்பிக் விளையாட்டு நடத்திய நாடு. உலகின் முதல் அதிவிரைவு இரயிலை ஓட்டிய நாடு. எழுத்தறியாதார் இல்லாத நாடு. அங்கே என்ன நடந்தது? 1965-இல் பிறந்த குழந்தைகள் ஏறத்தாழ 18 இலட்சத்து 23 ஆயிரம். 1966-இல் 13 இலட்சத்து 60 ஆயிரம். 1967-இல் 19 இலட்சத்து 35 ஆயிரம். நான்கில் ஒரு பங்குக் குழந்தைகள் ஓராண்டில் மறைந்தனர்! போர் இல்லை, பஞ்சம் இல்லை, கொள்ளைநோய் இல்லை. கருத்தடையாலும் கருக்கலைப்பாலும் ஒரு நாடு ஓராண்டைத் தாண்டிக் குதித்தது. அந்த ஆண்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரிக் குழந்தை 1.58 என்று இறங்கிற்று. 1989-இல் அது 1.57 ஆனபோது ஜப்பான் அரசே அதிர்ந்தது. நெருப்புக் குதிரையைவிடக் கீழே போய்விட்டோமே என்று!

படிப்பு வந்தால் பழமை போய்விடும் என்று எண்ணியிருப்போர் இந்த எண்களை இருமுறை படிக்க வேண்டும். இரயிலும் வந்தது, குதிரையும் கூடவே ஓடி வந்தது. அச்சத்துக்கு அறிவியல் கைக்கருவியாயிற்று. 1906-இல் பொய்ப்பதிவு ஒன்றே வழி. 1966-இல் மருத்துவமனையும் வழி.

இன்னொன்றும் பாருங்கள். ஜப்பான் 1873-ஆம் ஆண்டிலேயே பழைய நாட்காட்டியை விட்டு, உலகப் பொது நாட்காட்டிக்கு மாறிவிட்டது. ஆகவே அங்கே குதிரை ஆண்டு சனவரி முதல் நாளே தொடங்கிற்று. சீனத்திலோ அந்த ஆண்டின் புத்தாண்டு 1966 சனவரி 21. அப்படியானால் சனவரி 10-இல் பிறந்த பெண், டோக்கியோவில் குதிரை, பீகிங்கில் பாம்பு! நாட்காட்டியை அரசாங்கம் மாற்றியவுடன், அரசாங்கக் கட்டளைக்குப் பணிந்து குதிரையும் மூன்று வாரம் முன்னதாக வந்து நின்றது. அந்தக் குதிரையைப் பெற்றெடுத்த சீனத்திலோ, 1966-இல் தொட்டில்கள் நிறைந்தே இருந்தன. நெருப்புக் குதிரைப் பெண்ணைப் பற்றிய அந்தக் கதை அங்கே சொல்லப்படவில்லை. அதனால் அங்கே பலிக்கவும் இல்லை. கதை எட்டிய இடம் வரைதான் கோளின் ஆட்சி!

அதே ஆண்டு நம் நாட்டில் என்ன ஆண்டு? 1966 சித்திரையில் பிறந்தது பராபவ. தோல்வி என்றும் இழிவென்றும் பொருள்படும் பெயர். பெயருக்கு ஆற்றல் உண்டெனில் தமிழகத்துத் தாய்மார்களன்றோ அஞ்சியிருக்க வேண்டும்? எவரும் அஞ்சவில்லை, அந்தப் பெயரின் பொருள் எவருக்கும் தெரியாது என்பதே காரணம். அந்தப் பராபவ ஆண்டு முடிவதற்குள்தான், 1967 பிப்ரவரியில் பொதுத்தேர்தல் நடந்தது. மார்ச் 6-இல் அண்ணா முதலமைச்சராகப் பொறுப்பேற்றார். வென்றவர்களுக்கு அது வெற்றி ஆண்டு. உடனே சோதிடர் சொல்வார்: ‘தோற்றவர்களைப் பாருங்கள், பலன் சரியாக வந்திருக்கிறதே!’ தேர்தலில் யாரேனும் ஒருவர் தோற்கத்தானே வேண்டும்? எந்த ஆண்டுக்கும் தோல்வி என்று பெயர் வைக்கலாம், பலித்தே தீரும்.

ஆண்டுப் பெயரால் நம் பெண்களுக்குத் துன்பம் வரவில்லை என்று மகிழ வழியில்லை. இங்கே அந்த வேலையை நாண்மீனும் செவ்வாயும் செய்கின்றன. மூலத்தில் பிறந்தால் மாமனாருக்கு ஆகாது. ஆயிலியத்தில் பிறந்தால் மாமியாருக்கு ஆகாது. கேட்டையில் பிறந்தால் மூத்த மைத்துனனுக்கு ஆகாது. ஆண் மூலம் அரசாளுமாம். பெண் மூலம் நிர்மூலமாம்! ஓஷிச்சியின் ஊரில் சொன்னதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு? அங்கே அறுபது ஆண்டுக்கு ஒருமுறை. இங்கே இருபத்தேழு நாளுக்கு ஒருமுறை!

செவ்வாய் தோசத்தின் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். இலக்கினத்திலிருந்து 2, 4, 7, 8, 12 ஆகிய வீடுகளில் செவ்வாய் இருந்தால் தோசம் என்பர். பன்னிரண்டு வீடுகளில் ஐந்து. அதாவது, பிறக்கும் நூறு பேரில் ஏறத்தாழ நாற்பத்திரண்டு பேர் குற்றவாளிகள். இலக்கினத்தோடு நில்லாமல் சந்திரனிலிருந்தும் எண்ணினால் தொகை இன்னும் ஏறும். இத்தனை பேரையும் ஒதுக்கினால் ஊரில் திருமணமே நடவாது; ஆகவே விதிவிலக்குகள் உண்டு. விதி இலவசம், விலக்குக்குத்தான் கட்டணம். சனியின் கணக்கும் அப்படியே. ஏழரைச் சனி எப்போதும் மூன்று இராசிகளைப் பிடித்திருக்கும். அட்டமச் சனி, அர்த்தாட்டமச் சனி, கண்டகச் சனி என்று மேலும் மூன்று. பன்னிரண்டில் ஆறு! உலக மக்களில் பாதிப்பேர் எந்நாளும் சனியின் பிடியில். நங்கநல்லூரில் ஒரு தெருவில் நின்று, வலப்பக்கத்து வீடுகளுக்கெல்லாம் கெட்ட காலம் என்று சொல்வதற்கும் இதற்கும் வேறுபாடில்லை. அந்த வலப்பக்கத்து வீடுகளில் சில, சொன்னது பலித்தது என்று சொல்லவும் செய்யும்.

பிடித்த நாளேனும் ஒன்றாக இருக்கிறதா? திருக்கணிதப் பஞ்சாங்கப்படி சனி கும்பத்துக்குள் நுழைந்த நாள் 2023 சனவரி 17. வாக்கியப் பஞ்சாங்கப்படி அது நுழைந்ததும், திருநள்ளாற்றில் சனிப்பெயர்ச்சி விழா நடந்ததும் 2023 டிசம்பர் 20. பதினொரு மாத இடைவெளி! அந்தப் பதினொரு மாதம் சனி எங்கே இருந்தது? வானத்தில் ஒரே ஓர் இடத்தில்தான் இருந்தது. பஞ்சாங்கங்களில் இரண்டு இடத்தில் இருந்தது. இதில் வாடிக்கையாளருக்கு ஒரு வசதியும் உண்டு: இரண்டு பெயர்ச்சிக்கும் இரண்டு பரிகாரம் செய்துகொள்ளலாம்.

கணக்கறிந்த தமிழனை நாம் இகழவில்லை. 1825-ஆம் ஆண்டு புதுவையில் ஒரு தமிழர், தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமாக வைத்திருந்த வாக்கியங்களைக் கொண்டு, மே 31-ஆம் நாள் இரவின் சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். ஜான் வாரன் என்பார் அதனைத் தம் நூலில் பதிந்திருக்கிறார். தொடக்கத்தில் பிழை நான்கே நிமிடம்! முடிவில் 52 நிமிடம். ஏட்டையும் எழுதுகோலையும் தொடாமல் அவ்வளவு செய்த கைக்கு வணக்கம். ஆனால் அந்த வாய்பாடு ஏன் அப்படி அமைந்தது என்பதை அவருக்கு ஒருவரும் கற்பிக்கவில்லை. வானம் நகர்ந்தது; வாய்பாடு நகரவில்லை. பாட்டன் சொன்ன வாக்கியத்தைத் திருத்துவது பாவம் என்று இருந்துவிட்டனர்.

திருத்த முயன்ற ஒருவர் சென்னையிலேயே இருந்தார். நுங்கம்பாக்கத்தில் 1792-இல் எழுந்த வான்காட்சிச் சாலையில் பணியாற்றிய சிந்தாமணி இரகுநாதாச்சாரி, 1867-ஆம் ஆண்டில் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தவர். 1874-இல் வெள்ளி ஞாயிற்றின் குறுக்கே கடக்க இருந்ததைப் பொதுமக்கள் அறிய இந்திய மொழிகளில் எழுதினார். கண்ணுக்குத் தெரியும் வானத்தோடு பஞ்சாங்கம் ஒத்திருக்க வேண்டும் என்று வாதாடி, அவ்வாறே ஒரு பஞ்சாங்கத்தையும் வெளியிட்டார். வைதிகக் குடியில் பிறந்தவர்தாம். ஆயினும் தொலைநோக்கி சொன்னதை ஏற்றார். 1880-இல் அவர் மறைந்தார். அவர் பணியாற்றிய இடத்தில் தமிழ் எழுத்தும் பொறித்த கருங்கல் தூண் ஒன்று இன்றும் நிற்கிறது. அதனைப் பார்க்கப் போவோரை விரல்விட்டு எண்ணலாம்.

நங்கநல்லூர்க்காரர்களுக்கு அவ்வளவு தொலைவுகூட வேண்டாம். அருகில் நிற்கும் பரங்கிமலை அடிவாரத்தில்தான், 1802 ஏப்ரலில் லாம்டன் என்பவர் நூறடி எஃகுச் சங்கிலியை நீட்டி, இந்தியத் துணைக்கண்டத்தையே அளந்து முடித்த பெரும் நில அளவையின் அடிக்கோட்டை அளந்தார். அந்தக் கோட்டின் நீளம் எவ்வளவு? ஏறத்தாழ ஏழரை மைல்! ஏழரை என்றால் எள் விளக்கைத் தேடும் ஊருக்குப் பக்கத்திலேயே, உலகின் வடிவை அறிய உதவிய ஏழரை ஒன்றும் கிடக்கிறது.

1962 பிப்ரவரி 3 முதல் 5 வரை மகரத்தில் எட்டுக் கோள்கள் கூடின என்று இந்நாடு நடுங்கியதை முதியோர் மறந்திருக்க மாட்டார்கள். உலகம் அழியும் என்றனர். வேள்விக் குண்டங்களில் நெய்யை ஊற்றினர். ஊரை விட்டுப் பெயர்ந்தோரும் உண்டு. 6-ஆம் நாள் பொழுது புலர்ந்தது. அதே மாதத்தில் பொதுத்தேர்தலும் நடந்தது. வேள்வியால்தான் உலகம் தப்பிற்று என்று சொல்லிக்கொண்டனர். ஊற்றிய நெய் திரும்பவில்லை.

அறுபது சுற்றிவிட்டது. 1966-க்கு அடுத்த நெருப்புக் குதிரை 2026 பிப்ரவரி 17-க்கு உரியது. அடுத்த பராபவ அதே ஆண்டின் சித்திரைக்கு உரியது. ஆண்டு பிறந்தபின் எப்போது தொடங்குவது என்பதிலும் நமக்குள் ஒற்றுமை இல்லை. தை முதல் நாளே தமிழ்ப் புத்தாண்டு என்று 2008-இல் சட்டம் வந்தது. 2011-இல் அது நீக்கப்பட்டது. இராசிபலன் நூல்களுக்கு மட்டும் எந்தச் சட்டத்தாலும் இடையூறு நேரவில்லை.

1966 செப்டம்பர் 11-ஆம் நாள், அஞ்சி ஒதுங்கிய அந்த ஆண்டில், ஜப்பானில், பின்னாளில் பேராசிரியரான ஒருவர் வீட்டில் ஒரு பெண் பிறந்தாள். கிகோ என்று பெயர். 1990-ஆம் ஆண்டில் அந்நாட்டுப் பேரரசரின் இளைய மகன் அகிஷினோ அவரை மணந்தார். 2019 முதல் பட்டத்துக்கு முதல் உரிமையாளர் அவரே. அவருக்கு அடுத்த உரிமையாளர், நெருப்புக் குதிரைப் பெண்ணான கிகோ 2006-இல் பெற்றெடுத்த மகன்.